பாக்கி நின்ற வருஷம்

படிப்பு முடிந்ததும் ஒரு வருஷம் எதிலும் சேராமல் ஊர் சுற்றுவதற்கு வெளிநாட்டில் 'கேப் இயர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதை விருதுநகரில் ஒரு பிரவுசிங் சென்டரில்தான் தெரிந்துகொண்டேன். இரண்டாயிரங்களின் நடுவில், பி.காம் கடைசி வருஷம். எனக்குப் பிடித்துப்போனது. வீட்டில் சொன்னபோது அம்மா, "சும்மா இருக்கிறதுக்கும் ஒரு பேரா?" என்று கேட்டாள். ஆனால் அப்பா ஏதோ நல்ல மனநிலையில் இருந்தார். "டிகிரிய முடி தாயி. ஒரு வருசம் உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டார். அவர் மறந்தாலும் நான் மறப்பேனா? டெல்லியில் பெரியப்பா மகள் இருந்தாள். அவள் வீட்டில் தங்குவது, இந்தி படிப்பது, வடக்கே நாலு ஊரைப் பார்ப்பது, யாருக்கும் பதில் சொல்லாமல் இருப்பது. இவ்வளவுதான் திட்டம். ஆனி மாதக் கடைசியில் கிளம்ப டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது.

கிளம்புவதற்குப் பத்து நாள் இருக்கும்போது சூலக்கரைப் பக்கம் அப்பாவின் வண்டி சறுக்கி, கால் முறிந்தது. கம்பி வைத்துக் கட்டிப் படுக்கவைத்துவிட்டார்கள். டிக்கெட்டை நானே போய் கேன்சல் செய்தேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம்.

அப்பாவுக்கு காலண்டர் ஏஜென்சி. சிவகாசி அச்சகங்களில் ஆடிப் பெருக்கு அன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை போடுவார்கள். சாமி படம், குழந்தை படம், இயற்கைக் காட்சி என்று மாதிரிகளை எல்லாம் சேர்த்துக் கட்டிய தடித்த புத்தகம்தான் ஆல்பம். அதைத் தூக்கிக்கொண்டு ஏஜென்ட்கள் கடை கடையாகப் போய், கடைப் பெயர் போட்ட காலண்டருக்கு ஆர்டர் எடுப்பார்கள். ஒவ்வொருவருக்கும் இன்ன இன்ன ஊர் என்று ஒரு லைன். அந்த லைனை ஒரு வருஷம் விட்டால் வேறு ஆள் புகுந்துவிடுவான், பிறகு ஜென்மத்துக்கும் திரும்பக் கிடைக்காது.

அத்தை வந்தாள். அப்பாவின் காலைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நிதானமாக, தன் மகன் லைனைப் பார்த்துக்கொள்வான் என்றாள். அதற்கடுத்த பேச்சு எனக்குத் தெரியும். தை மாதம் கல்யாணம். லைன் யார் கைக்குப் போகிறதோ அவர் கைக்கே பெண்ணும் போகும். என் ஒரு வருஷத்தை என் முன்னாலேயே மடித்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

"லைனுக்கு நான் போறேன்" என்றேன்.

"பொம்பளப் புள்ள பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டா அலையவா?" என்றாள் அத்தை.

"டெல்லிக்குப் போக விட்டவருதான அப்பா. மல்லாங்கிணறுக்குப் போக விடமாட்டாரா?"

அப்பாவுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. ஆடிப் பெருக்கு முடிந்த முதல் வெள்ளிக்கிழமை, மல்லாங்கிணற்றில் ஒரு உரக்கடை அண்ணாச்சியிடம்தான் எப்போதும் லைனைத் தொடங்குவார். அங்கே போணியானால் அந்த வருஷம் தூக்கிக்கொண்டு போகும் என்பார். அதையே எனக்கும் நிபந்தனையாக வைத்தார். "அண்ணாச்சி கடையில போணி ஆச்சுன்னா நீயே பாரு. ஆகலேன்னா ஆல்பத்த அத்தை மகன் கையில குடுத்துரணும். அதுக்கப்புறம் பேச்சுக் கூடாது."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா நல்ல நேரம் பார்த்து, எதிரே யாரும் வராமல் தெருவையும் பார்த்து என்னை அனுப்பினாள். ஆல்பம் தோளை இழுத்தது. ரயில்வே கேட்டில் ஒரு கூட்ஸ் வண்டி வேண்டுமென்றே ஊர்வதுபோல் ஊர்ந்தது. கிளம்புகிற நேரத்தைப் பார்த்தோமே தவிர, போய்ச் சேருகிற நேரத்தை நானும் பார்க்கவில்லை, அம்மாவும் பார்க்கவில்லை. உரக்கடைப் படியில் நான் கால் வைத்தபோது பத்தே முக்கால்.

கல்லாவில் இருந்த அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை. தலைக்கு மேல் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"யாரு, நம்ம காலண்டர்காரர் மகளா? வெள்ளிக்கிழமை பத்தரை பன்னெண்டு ராகு காலம்னு தெரியாதா? நேரத்த அச்சடிச்சு விக்கிற வீட்டுப் புள்ள, நேரம் பாக்காம வரலாமா?"

கடையில் உரம் வாங்க வந்திருந்த நாலு பேரும் சிரித்தார்கள். எனக்கு முகம் கொதித்தது.

"போயிட்டு வாங்க. அடுத்த வாரம் யாராச்சும் பெரியாளா அனுப்பச் சொல்லுங்க, பாப்போம்."

அடுத்த வாரம் வரப்போகிற பெரியாள் யாரென்று எனக்குத் தெரியாதா? நான் போகவில்லை. வாசலில் அடுக்கியிருந்த யூரியா மூட்டை ஒன்றின்மேல் ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கரிசல் புழுதி பறந்து வந்து சேலையெல்லாம் அப்பியது. போகிறவன் வருகிறவன் எல்லாம் ஒரு தடவை நின்று பார்த்துவிட்டுப் போனான். பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்தேன். டெல்லியில் இந்நேரம் இந்தியில் எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்க வேண்டியவள், இங்கே உரமூட்டைமேல் ராகு காலம் முடியக் காத்திருக்கிறேன் என்று நினைத்தபோது சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. உள்ளே வியாபாரம் மட்டும் ஜோராக நடந்துகொண்டிருந்தது.

பன்னிரண்டு அடித்ததும் உள்ளே போனேன்.

"இன்னுமா இருக்கீக?" என்றார்.

"ராகு காலத்துல உரம் விக்கலாம், காலண்டருக்கு மட்டும் ஆகாதாக்கும் அண்ணாச்சி?"

"உரம் நெதம் விக்கிறது. காலண்டர் வருசம் பூராம் சுவத்துல கெடக்கும். ரெண்டும் ஒண்ணா?"

நியாயமான பதில்தான். ஆனால் அன்றைக்கு நியாயத்துக்கு விட்டுக்கொடுக்கிற நிலையில் நான் இல்லை. "அதத்தான் நானும் சொல்றேன். ஒங்க சுவத்துல கெடக்கிறது எங்கப்பா குடுத்த காலண்டர். அதுல போட்டிருக்கிற நேரத்த நம்பித்தான என்னைய வெயில்ல உக்கார வச்சீக? அம்புட்டு நம்பிக்கை இருக்கும்போது, அடுத்த வருசத்துக்கு வேற ஆளு எதுக்கு?"

அவர் சிரிக்கவில்லை. கையை நீட்டி ஆல்பத்தை வாங்கினார். ஒவ்வொரு தாளாகக் கடைசிவரை புரட்டிவிட்டு, மறுபடி முன்னால் வந்து, வழக்கமாகப் போடுகிற முருகனையே காட்டினார். "அப்பாவுக்குக் கால் எப்பிடி இருக்கு? வலி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே ஆர்டரில் கையெழுத்துப் போட்டார்.

பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காயின் போனில் வீட்டுக்குப் பேசினேன். "போணி ஆயிருச்சு" என்றேன். "சரி, சாப்பிட்டியா?" என்றார் அப்பா.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. லைனைப் பார்த்துக்கொள்வான் என்று ஆளாளுக்குப் பேசினார்களே தவிர, அத்தை மகனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் அச்சங்குளத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். ஆடியிலிருந்து தீபாவளிவரை அவர்களுக்குத் தலைபோகிற சீசன். சாத்தூரில் டீக்கடையில் பார்த்தபோது, "நல்லவேளை, நீ போன. எனக்கு ஒரு நாள் லீவு கேட்டாலே சீட்டக் கிழிச்சுருவாக" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் இருவரையும் கேட்காமலே எங்கள் வருஷத்தைப் பங்குபோட்டவர்கள்மேல்தான் கோபம்.

அந்த வருஷம் முழுக்க பஸ்ஸில்தான் இருந்தேன். "வீட்ல ஆம்பளைக யாரும் இல்லையா?" என்று கேட்காத கடை இல்லை. "இருக்காக, அவுக சும்மா இருக்காக" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். மார்கழியில் பண்டல் பண்டலாகக் காலண்டர் இறங்கி, லைன் முழுக்க எங்கள் சரக்கு தொங்கியது. ஒரு கடைகூடக் கைவிட்டுப் போகவில்லை. அப்பா கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்திருந்தார்.

தையில் அத்தை மறுபடி கல்யாணம் பேச, பூவும் பழமுமாக வந்துவிட்டாள். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு வருசம் கேட்ட. குடுத்தாச்சு. இனி என்ன?"

"நீங்க எங்கப்பா குடுத்தீக? இது நான் ஒங்களுக்குக் குடுத்த வருசம். நீங்க எனக்குச் சொன்னது அப்பிடியே பாக்கி நிக்குது."

அத்தை வாயில் கை வைத்தாள். அப்பா என்னையே பார்த்தார். ஊரில் யாரிடமும் பாக்கி வைக்காத மனிதர். கம்பைத் தரையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அம்மாவிடம், "டெல்லி வண்டி என்னைக்குன்னு கேளு" என்றார்.

அத்தை பூவைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். ரயிலைப் பிடிக்க மதுரை பஸ் ஏற வேண்டிய நேரம் சரியாக ராகு காலத்தில் விழுந்தது. அம்மா காலண்டரைக் காட்டி, "செத்த இருந்து போ" என்றாள். ராகு காலம் முடிய ஒரு தடவை உரக்கடை வாசலில் உட்கார்ந்தவள்தானே நான், இனி உட்காரமாட்டேன் என்று பெட்டியைத் தூக்கினேன்.