கோயில் மைக்கில் இரண்டு தட்டு

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் எங்கள் பங்கு மக்களுக்கும் வணக்கம். அக்கா இல்லாமல் ஒரு வருடம் ஓடிவிட்டது. "படிக்கிறவங்க மனசு ஆறுற மாதிரி எழுதுக்கா" என்று தம்பி என்னிடம் சொன்னான். என் மனமே ஆறவில்லை, அடுத்தவர் மனதை நான் எங்கே போய் ஆற்றுவது? நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்கா எங்கள் குப்பத்தின் முதல் வரிசை வீட்டில், நைனாவுக்கும் அம்மாவுக்கும் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். அந்த வரிசையைக் கடல் எடுத்துக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. அக்கா பத்தாவது படிக்கும்போது கடலுக்குப் போன நைனா திரும்பவில்லை. அத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு காசிமேட்டுப் பக்கம் இறால் உரிக்கப் போனார். ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி அவர் விரல்கள் எப்போதும் வெளுத்துக் கிடக்கும். என்னையும் தம்பியையும் படிக்க வைத்தது அந்த விரல்கள்தான். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் "அதுங்க ரெண்டும் தலையெடுக்கட்டும்" என்று தட்டிக்கழித்தார். நாங்கள் தலையெடுத்தபோது பேச்சு வருவதே நின்றுபோயிருந்தது.

அக்காவின் குரல் கணீரென்று இருக்கும். பூசையில் வாசகம் படிக்கச் சொன்னார் அப்போதைய பங்குத்தந்தை. பிறகு கோயில் மைக்கும் அக்கா கைக்கே வந்தது. எங்கள் குப்பத்தில் ஊருக்கெல்லாம் சேதி சொல்வது கோயில் கோபுரத்துக் குழாய் ஒலிபெருக்கிதான். ரேஷனில் பாமாயில் வந்தாலும், பிள்ளை காணாமல் போனாலும், தடுப்பூசி போட நர்சம்மா வந்தாலும், மினி பஸ் ஓடாவிட்டாலும் அக்காதான் சொல்வார். வாசகத்தில் சுத்தத் தமிழ் பேசியவர், பூசை முடிந்த கையோடு அதே மைக்கில், "தண்ணி லாரி வந்துகீது. வயசானவங்களுக்கு மொதல்ல வழி வுடுங்க. குடத்த வெச்சிகினு சண்ட போட்டீங்கன்னா நானே எறங்கி வருவேன்" என்பார். இறங்கியும் வருவார்.

சேதிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ரேஷன் கடை தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போனது. மினி பஸ் நின்றது. கோயிலுக்கு அடுத்த தெருவில் இருந்த ஆஸ்பத்திரியின் கூரை காரை பெயர்ந்து விழ, தற்காலிகமாக என்று சொல்லிப் பூட்டினார்கள். திறக்கப்போவதாக யாரோ வந்து சொல்வார்கள். அக்காவும் நம்பி மைக்கில் சொல்வார். அடுத்த நாள் கைக்குழந்தைகளோடு பெண்கள் பூட்டின் முன்னால் நின்று திரும்புவார்கள். "இன்னாக்கா, ஒன் ஆஸ்பத்திரி தெறந்துச்சா?" என்று பையன்கள் கிண்டல் செய்ததில் அக்காவுக்கு முகம் சுண்டிப்போனது. இனிமேல் கண்ணால் பார்க்காத எதையும் மைக்கில் சொல்வதில்லை என்று முடிவெடுத்தார். அந்த முடிவை மீறவே இல்லை.

கடைசியில் மிஞ்சியது இரண்டே சேதி. தண்ணீர், சாவு. சாவென்றால் முதலில் துக்க மணி அடிக்கும். தண்ணீரென்றால் மணி கிடையாது. மைக் அறை ஜன்னலிலிருந்து மெயின் ரோட்டு முனை தெரியும். அங்கே லாரி திரும்புவதைப் பார்த்ததும் அக்கா மைக்கை இரண்டு தட்டு தட்டுவார். பேச்சு வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. தட்டியதுமே குடத்தைத் தூக்கிக்கொண்டு முனைக்கு ஓட வேண்டியதுதான். அக்கா தட்டினால் லாரி வந்தாயிற்று என்று பொருள்.

அக்காவுக்கு நெஞ்சில் இழுப்பு வந்தது. எங்கள் பக்கத்துக் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கதவைச் சாத்தினாலும் கம்பெனிப் புகை நாற்றம் உள்ளே வரும், துவைத்துக் காயப்போட்ட துணியில் கரி படியும். உறிஞ்சும் மருந்தை முந்தானையில் முடிந்துகொண்டே கோயிலுக்குப் போவார். "வூட்லயே கெடக்கா" என்றால், "அப்பால யாருடி மைக்க தட்றது?" என்பார்.

அன்று காலைப் பூசை முடிந்து, சாமியாருக்கு உதவும் உபதேசியாரும் கிளம்பிவிட்டார். அக்கா மட்டும் ஜெபமாலை சொல்ல உட்கார்ந்திருந்தார். நான் வீட்டில் அடுப்பில் பால் வைத்திருந்தேன். கோபுரத்துக் குழாயில் இரண்டு தட்டு கேட்டது. என் மகள் குடங்களோடு ஓடினாள். தெருவே ஓடியது. பால் பொங்கும் நேரம் என்பதால் நான் மட்டும் நின்றேன்.

குழாயிலிருந்து பேச்சு வரவில்லை. மூச்சு வந்தது. இழுத்து, நின்று, மறுபடி இழுத்து, ஊர் முழுக்க அந்த மூச்சு கேட்டது. காலிக் குடங்கள் மோதிக்கொள்ளும் சத்தத்தில், ஓடுகிறவர்கள் காதில் அது விழவில்லை. வீட்டில் அதைக் கேட்டே பழகிய எனக்கு விளங்கிவிட்டது.

நான் கோயிலுக்கு ஓடினேன். அக்கா மைக் மேசையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். மருந்துக் குப்பி காலி. நான் மைக்கைப் பிடித்துக் கத்தினேன்: "லாரி வரல. அக்காவுக்கு மூச்சு முட்டுது. யாராச்சும் ஆட்டோ எடுத்துகினு வாங்க." அதற்குப் பிறகுதான் முனையில் நின்றவர்கள் குடங்களைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

அக்காவை ஏற்றிய ஆட்டோ ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் போனது. பூட்டு துருப்பிடித்துத் தொங்கியது. மெயின் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. ஆட்டோ ஓட்டிய தெருப் பையன், ஆட்டோத் தம்பி, இறங்கி ஒவ்வொரு வண்டியாகத் தட்டிக் கெஞ்சினான். "அண்ணே, உயிர் போவுது, கொஞ்சம் ஒதுங்குண்ணே." "முன்னாடி கீறவன் நகர்ந்தாதானேப்பா. நான் இன்னா மேலயா பறப்பேன்?" என்றார் ஒரு ஓட்டுநர். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த லாரிகளுக்கு நடுவில், என் மடியில், அக்காவின் மூச்சு நின்றது.

சாவுச் சேதியை ஆட்டோத் தம்பிதான் மைக்கில் சொன்னான். அக்காவை வீட்டில் கிடத்தியபோது எதிர்வீட்டு அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "லாரின்னு நெனச்சு ஓடிட்டோம்மா. அவ பொய்யா தட்டமாட்டாளே" என்று அழுதார். ஆமாம், அக்கா பொய்யாகத் தட்டவில்லை. அன்று லாரி வரவே இல்லை. இத்தனை வருடத்தில் ஒரே ஒரு தடவை தனக்காகத் தட்டினார்.

அன்று ஆட்டோ ஓட்டிய தம்பிக்கும், குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்த எல்லோருக்கும், இடமில்லாத கல்லறைத் தோட்டத்தில் நைனா பெயர் எழுதிய சிலுவைக்குப் பக்கத்தில் ஒரு குழிக்கு இடம் தேடித் தந்த பங்குத்தந்தைக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத மூன்று நாளும் சோறு கொடுத்த தெருவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஓடியவர்கள் யார்மீதும் எனக்கு வருத்தமில்லை. தாகம் எடுத்தவர்கள் ஓடத்தான் செய்வார்கள்.

இப்போது மைக்கை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இனி தட்டும் சத்தம் கேட்டால், குடத்தைத் தூக்குவதற்கு முன்னால் கொஞ்சம் நின்று கேளுங்கள். கேட்டுவிட்டு, மூச்சு முட்டுகிற ஆளை எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது என்று என்னிடம் கேட்காதீர்கள். ஆஸ்பத்திரி இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது.

தங்கை