கீல் அடைத்த கண்ணாடி விளக்கு

பழைய கண்ணாடி விளக்கோடு என்னைத் தேடி வருகிறவர்கள் எல்லோருக்கும் அது பெல்ஜியத்தில் செய்ததாக இருக்க வேண்டும். அச்சில் அழுத்தி வார்த்த கண்ணாடியில் பக்கவாட்டில் அச்சுப் பொருத்திய கோடுகள் இருக்கும்; அவை ஊரைச் சொல்லாது. அடியில் சில சமயம் முத்திரை இருக்கும். பழம்பொருட்களைப் பார்த்து, செய்த இடமும் காலமும் அட்டையில் எழுதித் தருவது என் வேலை; பாதி விளக்குகளுக்கு "தெரியவில்லை" என்றுதான் எழுதுகிறேன். கேட்டவர்களுக்கும் பிடிப்பதில்லை, எனக்கும் அலுத்துவிட்டது.

சென்ற மாசியில் பாம்பனிலிருந்து ஓர் அம்மாள் தன் தம்பியோடு வந்தார். மாதா கோயில் திருவிழாவில் பழைய பொருட்களைக் காட்சிக்கு வைக்கிறார்களாம். மீன்பிடித் தொழிலில் இருந்த தன் தகப்பனார் இலங்கையில், தலைமன்னாரில் வாங்கிய விளக்கு என்று அட்டை எழுதித் தரச் சொன்னார்.

"ராம்நாட்டுச் சந்தையில வாங்கிட்டு, கப்பல்ல வந்துச்சுன்னு அளந்துவிட்டாரு சார்" என்றார் தம்பி.

"ஏலே, அய்யா எங்கிட்ட பொய் சொல்லுவாராலே?"

விளக்கைக் கவிழ்த்தேன். அடிக்குழிவு முழுக்கக் கறுப்பாக அடைத்திருந்தது. படகில் வைத்தால் சாயக்கூடாது என்று, பலகை இடுக்கில் பூசும் கீலைத் தகப்பனார் அதில் அப்பியிருக்கிறார். முத்திரை அதற்குள் இருக்க வேண்டும்.

"சுடுதண்ணி ஊத்துவமா சார்?" என்றார் தம்பி.

"கண்ணாடி விரிசல் விட்டுரும்" என்றேன்.

வெயிலில் வைத்துக் காத்திருந்தோம். உச்சிப்பொழுதில் கீல் இளகியது. அந்த அம்மாள் விரலால் நெம்ப, ஒரே வில்லையாகக் கழன்று வந்தது. உள்ளே, இந்தியாவில் செய்தது என்று ஆங்கில எழுத்துகள்.

"வந்துருச்சு பாரு கப்பலு!" தம்பி சிரித்தார்.

முத்திரை செய்த இடத்தைத்தான் சொல்லும், விற்ற இடத்தைச் சொல்லாது என்றேன். இங்கே செய்ததை அங்கேயும் விற்றிருக்கலாம்.

"அப்ப தலைமன்னார்னே எழுதுங்க."

"அதுக்கும் சான்று இல்லையேம்மா."

'செய்த இடம் இந்தியா. வாங்கிய இடமும் ஆண்டும் தெரியவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மாளின் முகம் வாடிவிட்டது.

"அய்யா சொன்னாருன்னாச்சும் எழுதக்கூடாதா சார்?"

எழுதலாம். இத்தனை ஆண்டுகளில் எந்த அட்டையிலும் நான் அதை எழுதியதில்லை. 'தலைமன்னாரில் வாங்கியதாகத் தகப்பனார் மகளிடம் சொன்னார்' என்று கீழே சேர்த்தேன். அந்த வரியை மட்டும் அவர் வாய்விட்டுப் படித்தார். பிறகு கீல் வில்லையை எடுத்துக் குழிவில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"அடச்சா முத்திரை மறஞ்சிருமாக்கா?"

"மறைக்கலலே. கோயில்ல கூட்டம் வந்து இடிக்கும். வெளக்கு ஆடாம நிக்கணும்ல."