அம்மா கேட்கச் சொன்ன கேள்வி

பத்து வயதில் அம்மாவுக்கு இங்கிலிஷ் வாயாக இருந்தவள் நான். டொக்டரிடமும் கவுன்சிலிலும் அம்மா தமிழில் பத்து வசனம் சொல்வார். நான் அதை ஒரே வசனமாக்கிச் சொல்லி முடித்துவிடுவேன். அவருடைய கவலையும் ஊர்க்கதையும் வழியிலேயே கழிந்துபோகும். கெட்டிக்காரப் பிள்ளை என்று லண்டன் ஹவுன்ஸ்லோவில் தெரிந்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். எனக்கும் தலைக்கனம் ஏறித்தான் இருந்தது.

எங்கள் ஊரான யாழ்ப்பாணத்தில் அப்போது சண்டை ஓய்ந்திருந்தது. ஆனாலும் காங்கேசன்துறைப் பக்கத்தில் அம்மா பிறந்த வீடு இராணுவத்தின் முள்வேலிக்குள்தான் கிடந்தது. அதிலிருந்து இரண்டு மைல் தள்ளி, ஓர் அகதி முகாமில் மாமா, அம்மாவின் அண்ணன், பன்னிரண்டு வருடமாகக் காத்துக்கொண்டிருந்தார். வேலி திறக்கும் அன்று முதல் ஆளாக உள்ளே போகவேண்டும் என்பது அவர் பிடிவாதம். கனடாவில் இருந்த மகளோ ஸ்பொன்சர் அலுவல்களை முடித்துவிட்டு, இப்போதே வாருங்கள் என்று ஒற்றைக்காலில் நின்றாள். போவதா, இருப்பதா என்று மாமா தன் தங்கையைக் கேட்டார். "யோசிச்சுச் சொல்லுறன் அண்ணை" என்று அம்மா ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் தவணை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கோடையில், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைத்த சந்தோசப் புளுகத்தில், அப்பா எங்களைச் சைப்பிரசுக்குக் கூட்டிப்போனார். விமான நிலையத்தில் மற்றவர்களின் பெட்டிகளை ஏற்றி இறக்கிய மனிதர், முதல் தடவையாகத் தன் பெட்டியோடு விமானம் ஏறினார். போன இடத்தில், வருடக்கணக்கான ஷிப்ட் நித்திரையை மொத்தமாகக் கொண்டு முடிப்பதென்று படுத்துவிட்டார். ஆகவே, ஹோட்டலில் காசு கட்டியிருந்த சரித்திரச் சுற்றுலாவுக்கு அம்மாவும் நானும் மட்டும் பஸ் ஏறினோம். எனக்கு அழுகை வந்தது. நீச்சல்குளத்துச் சறுக்கை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.

வெயிலில் சிவந்துபோன வெள்ளைக்காரர்களோடு எங்களை ஒரு தேநீர்க் கடையின் மொட்டை மாடிக்கு ஏற்றினார்கள். எதிரே முள்கம்பியும் காவற்கோபுரமும் துவக்கோடு சிப்பாய்களும். அதற்கு அப்பால் கடலோரமாக ஒரு முழு நகரம், ஆளே இல்லாமல் நின்றது. ஏறக்குறைய முப்பது வருடத்துக்கு முன் சண்டையில் சனம் ஓடிய பிறகு துருக்கி இராணுவம் அதை அடைத்து வைத்திருக்கிறது, படம் பிடிக்கக் கூடாது என்று வழிகாட்டிப் பெண் சொன்னார். பிறகு, நாலு ஜன்னல் வைத்த ஒரு வெள்ளைக் கட்டடத்தைக் காட்டி, அதுதான் தன் வீடு என்றார். அங்கிருந்து ஓடியபோது அவருக்கு என் வயதாம்.

நான் அதைச் சொன்னதும் அம்மா கடைக்காரர் வைத்திருந்த தொலைநோக்கியை எடுத்துக் கண்ணில் வைத்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தும் இறக்கவில்லை. "வீட்டு வளவெல்லாம் பத்தை மண்டிக் கிடக்கு பிள்ளை" என்றார், ஏதோ சொந்தக்காரர் வீட்டைப் பார்த்ததுபோல. பிறகு வழிகாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அவவைக் கேள் பிள்ளை. இப்பிடி வேலிக்கு வெளியில நிண்டு பாத்துக்கொண்டிருக்கிறது நல்லதோ, விட்டிட்டு எங்கையாவது போறது நல்லதோ? திரும்பிப் போகலாம் எண்டு அவவுக்கு நம்பிக்கை இருக்கோ? வடிவாக் கேள். அண்ணைக்கு நான் பதில் சொல்ல வேணும்."

எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். வழிகாட்டியின் கண்ணும் கலங்கியிருந்தது. வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பஸ் எத்தனை மணிக்குத் திரும்பும் என்று கேட்டேன்.

நாலேகாலுக்கு என்றார் அவர், அம்மாவின் ஈரக்கண்ணைப் பார்த்துக் குழம்பியபடி.

"என்ன சொன்னவ?" என்று அம்மா கேட்டார்.

"கெதியில தன்ர வீட்டுக்குத் திரும்பிப் போயிடுவாவாம் அம்மா. நிண்டு பாக்கிறதுதான் நல்லதாம்."

நான்கு மணி ஐம்பதுக்கு ஹோட்டல் வந்து, மூன்று தடவை சறுக்கினேன்.

அடுத்த ஞாயிறு அம்மா மாமாவிடம் தவணை சொல்லவில்லை. முப்பது வருடம் காத்திருந்த பெண்ணே நம்பிக்கையோடு இருக்கிறாள், நீங்கள் ஏன் அவசரப்படுகிறீர்கள் என்று சொன்னார். மாமா கனடாவுக்குப் போகவில்லை. நாலு வருடத்தில் சண்டை திரும்பவும் தொடங்கிப் பாதை பூட்டியபோது, இருதயத்துக்கு எடுத்த மருந்து கிடைக்காமல் அந்த முகாமிலேயே செத்துப்போனார். "நான்தானே மறிச்சனான்" என்று அம்மா தலையில் அடித்து அழுதார். எனக்கு அப்போது பதினாலு வயது. எல்லாம் விளங்கியிருந்தும் வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை திறக்கவில்லை.

ஆனால் என் நெஞ்சை அறுப்பது அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சின் கடைசிப் பகுதிதான். மாமாவுக்கு அம்மாவின் சொல் மட்டும் போதவில்லை. கேட்டவளிடமே கொடு என்றிருக்கிறார். அம்மா போனை என்னிடம் நீட்டினார்.

"மெய்யோ பிள்ளை? அவ அப்பிடியோ சொன்னவ?"

"ஓம் மாமா" என்றேன்.

அவர் சிரித்தார். அப்படி நிம்மதியாக அவர் சிரித்து நான் கேட்டதே இல்லை. "அப்ப நான் நிக்கிறன்" என்றார். எதற்கு நிற்கிறார், எங்கே நிற்கிறார் என்று நான் யோசிக்கவில்லை. பொய் பிடிபடாமல் தப்பியது பெரிய சந்தோசமாக இருந்தது. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு டீவி பார்க்க ஓடினேன்.