மீன் படாத நாள்

ஒத்திகையில், மேடைக்கென்று செய்த பலகைத் தோணியைச் சுகந்தன் துடுப்பால் தட்டத் தொடங்கினான். என் இசை நாடகத்தில் அவன்தான் மீனவன். அப்பாவை அடக்கம் செய்து ஒன்பது நாளாகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை.

எட்டு வயதில் அப்பாவோடு வாவிக்குப் போவேன். வலையை வளைத்துப் போட்டுவிட்டு அவர் தோணியைத் தட்டுவார். சத்தத்துக்கு வெருண்டு மீன் வலையில் பாயும். தட்டு நின்றால் தப்பிவிடும். அந்தத் தட்டுக்கு நான் வாயில் வந்தபடி பாட்டுக் கட்டுவேன். ஒருநாள் சொல் வராமல் பாதியில் நின்றேன். அப்பாவும் கையை நிறுத்திவிட்டார்.

"மீன் போயிரும் அப்பா."

"போனாப் போகட்டும். நீ மிச்சத்தப் பாடு மகள்."

வெறும் வலையை இழுத்தோம். அம்மா கேட்டதற்கு, "இண்டைக்கு மீன் படல்ல" என்று மட்டும் சொன்னார்.

மேடையில் பாடிக்கொண்டிருந்த பெண் அடுத்த அடியை மறந்து நின்றாள்.

"அக்கா, நான் தட்டிட்டே இருக்கட்டா?" என்றான் சுகந்தன்.

"இல்ல, நிப்பாட்டு. அவ மிச்சத்தப் பாடட்டும்."

எல்லோரும் காத்திருந்தோம். அந்த அமைதியை அப்படியே பாட்டின் தாளில் ஓர் இடைவெளியாகக் குறித்துக்கொண்டேன். அப்போதும் அழுகை வரவில்லை.