தட்டுச் சத்தத்துக்கு மிரளாத குட்டி

எங்கள் வீட்டில் நாய் வளர்த்தவர் என் கணவர். நாயைப் பார்த்துக்கொண்டவள் நான். இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பவர்கள் வீட்டில் நாய் இருந்திருக்காது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பாளையங்கோட்டையில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் பின்பக்கம் ராஜபாளையம் பெட்டை ஒன்று இருந்தது. ஒரு கறுப்பு மயிர் கிடையாது, சுண்ணாம்பு வெள்ளை. அது குட்டி போட்டால் இவர் ஆபீஸ் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வார். சாக்கு மாற்றுவது, பால் ஆற்றி ஊற்றுவது, நாற்றம் போகக் கழுவி விடுவது எல்லாம் என் தலையில்.

முதல் ஈற்றுக் குட்டிகளில் ஒன்று அரிசி ஆலைக்காரர் வீட்டுக்குப் போயிற்று. ஆலை ஓடுகிற சத்தத்துக்கு மிரண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தது, பால் வைத்தாலும் வெளியே வரவில்லையாம். அப்படியே கிடந்து செத்தும் போயிற்று. உலகத்தில் சத்தம் என்று ஒன்று இருப்பதையே காட்டாமல் பொத்திப் பொத்தி வளர்த்தால் வேறு என்ன ஆகும்? இனி இந்த வீட்டிலிருந்து போகிற குட்டி எதுவும் பயந்து சாகாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அடுத்த ஈற்றில் குட்டிகளுக்குப் பள்ளிக்கூடமே நடத்தினேன். கண் திறந்ததும் அடுப்படிக்குக் கொண்டுவந்து போட்டேன், குக்கர் விசில் பழகட்டும் என்று. மிக்சி ஓடும்போது அதன் பக்கத்திலேயே பால்கிண்ணத்தை வைத்தேன். தெருவில் ஆட்டோ வந்தால் இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவேன். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளைக் கூப்பிட்டு மடியில் ஆளுக்கொன்று கொடுப்பேன். மேலப்பாளையத்திலிருந்து சைக்கிளில் கைலியும் போர்வையும் விற்க வருகிறவரைக்கூட நான் விடவில்லை. "நாயத் தொட மாட்டேம்மா, குடைய வேணா விரிச்சிக் காட்டுதேன்" என்று அவர் தள்ளி நின்று படக் படக்கென்று குடையை விரித்து மடக்குவார். குட்டிகள் மிரண்டு ஓடும், எட்டிப் பார்க்கும், பிறகு வந்து குடைக்கம்பியைக் கடிக்கும்.

பூனைக்கண் ஆண்குட்டி ஒன்று மட்டும் மிரளவே இல்லை. குக்கர் அலறும்போது அதன் பக்கத்தில் மல்லாந்து தூங்கும். என் பள்ளிக்கூடத்தில் அதுதான் முதல் ரேங்க் என்று அக்கம்பக்கத்தில் பீற்றிக்கொண்டேன்.

குட்டிகளின் அப்பன், சேரன்மகாதேவிப் பக்கம் வாழைத்தோட்டம் வைத்திருந்த ஓர் அண்ணாச்சியின் நாய். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. இணை சேர்க்க ஆண் நாயைக் கொடுத்தவர் காசு வாங்க மாட்டார். முதல் குட்டி அவருக்கு. முதல் குட்டி என்றால் முதலில் பிறந்தது இல்லை, அவர் வந்து பார்த்துப் பொறுக்கியது. அதன் பிறகுதான் மற்றவர்கள் கை வைக்கலாம். அவர் பொறுக்கியதை மறுத்துப் பேசப் பெட்டை வைத்திருக்கிறவருக்கு வாய் கிடையாது.

அண்ணாச்சி வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, நாய் விஷயத்தில் தனக்கு மேல் ஆளில்லை என்கிற நடை. காப்பியைக் குடித்துவிட்டு, "தாயி, ஒரு தட்டும் கரண்டியும் கொண்டாங்க" என்றார். பால் குடித்துக்கொண்டிருந்த குட்டிகளுக்குப் பின்னால் போய் நின்று தட்டில் ஓங்கி ஓர் அடி அடித்தார். நான் அவ்வளவு பழக்கியும் குட்டிகள் நாலாபக்கமும் சிதறின. பூனைக்கண் குட்டி மட்டும் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பாத்தீராவே! இவம்லா ஆம்பள!" என்று என் கணவரின் முதுகில் தட்டினார். அதன் கழுத்தில் ஒரு கறுப்புக் கயிற்றைக் கட்டிவிட்டு, பால் மறந்ததும் வந்து தூக்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன்.

அந்தப் பெருமை நிலைக்கவில்லை. ஒரு மத்தியானம் பின்பக்கம் ஒரு மாடு நுழைந்துவிட்டது. தாய்நாய் குலைத்த குலைப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது. குட்டிகளெல்லாம் எழுந்து விழுந்தடித்து ஓடின. பூனைக்கண் குட்டி தூங்கிக்கொண்டே இருந்தது. சத்தத்துக்குப் பயப்படாத குட்டி என்றாலும் தன் அம்மா குலைத்தால் காதையாவது ஆட்ட வேண்டாமா? பக்கத்தில் போய்க் கூப்பிட்டேன். கை தட்டினேன். பூஜை மணியை எடுத்துவந்து அதன் தலைமாட்டில் ஆட்டினேன். மூச்சு சீராக ஏறி இறங்கியது. விரலால் தொட்டேன், துடித்து எழுந்து என் கையைக் கவ்விவிட்டு, நான்தான் என்று தெரிந்ததும் வாலை ஆட்டியது.

கூடையில் வைத்துக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் பல விதமாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு காதும் கேக்கலம்மா. வெள்ளை நாயில, அதுவும் இந்தக் கண்ணுக்கு, இப்படிப் பெறக்கது உண்டு" என்றார். "வீட்டுக்குள்ள வச்சிப் பாக்கவங்கன்னா வளத்துரலாம். தோட்டக் காவலுக்குப் போச்சுன்னா அடிபட்டே சாகும். வேண்டாம்னா சொல்லுங்க, ஒரு ஊசி போட்டுருவோம்." நான் கூடையை வாரி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

என் கணவர் நம்பினார். அதுதான் கொடுமை. சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "அண்ணாச்சிகிட்டப் போயி, நீரு பொறுக்குனது செவிட்டுக் குட்டின்னு எப்படிளா சொல்ல? அவரு மூஞ்சியில அடிச்சாப்பில இருக்காதா?" என்றார்.

"அவரு மூஞ்சி பெரிசா, இதுக்க உசிரு பெரிசா?"

"உனக்கு ஒண்ணும் வெளங்காது" என்று பேப்பரை எடுத்துக்கொண்டார். அந்தப் பேப்பரைப் பிடுங்கிக் கிழித்திருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றும்.

சரி, சொல்லுகிறபோது நானே சொல்லிக்கொள்கிறேன் என்று விட்டுவிட்டேன். அதுவரை அந்தக் குட்டிக்கு மட்டும் வேறு பாடம் நடத்தினேன். உள்ளங்கையை உயர்த்திக் காட்டினால் வா என்று அர்த்தம். வந்தால் ஒரு வாய் தயிர்ச்சோறு. மற்றக் குட்டிகள் கூப்பிட்டால் வருவதற்குப் பட்ட பாட்டில் பாதி கூட இது படவில்லை. எங்கிருந்து பார்த்தாலும் கை உயர்ந்ததும் காது இரண்டும் பறக்க ஓடிவரும். எந்நேரமும் என் கையையே பார்த்துக்கொண்டிருக்கும். இதைக் காவலுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வீட்டுக்குள் வைத்துப் பார்க்க ஆள் இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டேன். கறுப்புக் கயிற்றைப் பார்த்ததும், "அது அண்ணாச்சி குட்டில்லா" என்று பின்வாங்கினார்கள்.

அண்ணாச்சி எடுத்துப்போக வந்தார். காப்பிகூடக் கொடுக்காமல் நான் ஆரம்பித்தேன். "அண்ணாச்சி, தப்பா நெனைக்கக் கூடாது. இதுக்குக் காது கேக்காது. டாக்டரே சொல்லிட்டாரு."

அவர் சிரித்தார். "டாக்டரு மாட்டுக்கு ஊசி போடுவாரு தாயி. நாய நான் பாத்துச் சொல்லுதேன்."

நான் தட்டையும் கரண்டியையும் எடுத்துவந்தேன். குட்டிக்குப் பின்னால் போய் நின்று என் பலத்தை எல்லாம் கூட்டி அடித்தேன். குட்டி சடக்கென்று திரும்பியது. எதிரே படுத்திருந்த அதன் அம்மா துள்ளி எழுந்து என்னைப் பார்த்தது. அம்மா பார்த்த பக்கம் இதுவும் பார்த்தது, அவ்வளவுதான். "இல்ல அண்ணாச்சி, அதுக்க அம்மையப் பாத்துத் திரும்புது" என்றேன். என் குரலே எனக்குப் பொய்யாகக் கேட்டது.

"அன்னைக்குத் திரும்பல, அது தைரியம். இன்னைக்குத் திரும்புச்சி, காது கேக்கு. இன்னும் என்ன வேணும் தாயி உனக்கு?" என்றவர் என் கணவரிடம் திரும்பினார். "முதக் குட்டியக் குடுக்க மனசில்லன்னா நேராச் சொல்லிரும்வே. பொம்பளைய விட்டுப் பேசாதீரும்."

"ஐயோ, அப்படி இல்ல அண்ணாச்சி" என்று என் கணவர் குட்டியைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார். டாக்டர் சொன்னதை அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. நான் வாசல்வரை ஓடினேன். "அண்ணாச்சி, கூப்பிட்டா வராது, அடிச்சிராதீங்க. இப்படிக் கையத் தூக்கிக் காட்டினா வரும். தூங்கும்போது தொடாதீங்க." பைத்தியத்துக்குத் தலையாட்டுவதுபோல அவர் தலையாட்டினார். ஸ்கூட்டரின் முன்பக்கம் கூடைக்குள்ளிருந்து அது என் கையையே பார்த்துக்கொண்டு போயிற்று. நான் கையைத் தூக்கவில்லை. தூக்கினால் குதித்துவிடும்.

சில மாதம் கழித்து என் கணவர்தான் வந்து சொன்னார். தூங்கிக்கொண்டிருந்த நாயை ஒரு வேலையாள் காலால் எழுப்பியிருக்கிறார், அது கடித்துவிட்டதாம், கட்டிப் போட்டிருக்கிறார்களாம். சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். மறுநாள் அவர் ஆபீசுக்குக் கிளம்பியதும் வீட்டைப் பூட்டிவிட்டுச் சேரன்மகாதேவிக்குப் பஸ் ஏறினேன்.

கால்வாய்க் கரையோரம் பம்புசெட் அறைக்குப் பக்கத்தில் சங்கிலியில் கிடந்தது. உயரமாக வளர்ந்திருந்தது. விலா எலும்பும் முதுகில் தழும்புமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் உள்ளங்கையை உயர்த்தினேன். அது தரையோடு தரையாகப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, படுத்த இடத்திலேயே மூத்திரம் பெய்தது. அதற்குத் தெரிந்திருந்தது ஒரே ஒரு சொல். அதையும் அடித்தே பிடுங்கிவிட்டார்கள். நான் கையைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டு நின்றேன்.

"திமிரு புடிச்ச நாயி தாயி" என்றார் அண்ணாச்சி. "நாள் முழுக்கக் கூப்பிட்டாலும் திரும்பாது. முதுகுல ஒண்ணு வச்சாத்தான் பாக்கும். நாளைக்கு ஆளவிட்டு ஒரு வழி பண்ணிர வேண்டியதுதான்."

"அண்ணாச்சி, அதுக்குக் காது..." என்று வாயெடுத்தேன். அவர் முகம் இறுகியது. உண்மையைச் சொன்னால் இவர் இதைக் கொன்றாலும் கொல்வாரே ஒழிய என்னிடம் தரமாட்டார் என்று அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

"நீங்க பொறுக்குனது நல்ல குட்டிதான் அண்ணாச்சி. வளப்புதான் சரியில்ல. நான் செல்லங் குடுத்துக் கெடுத்துட்டேன். எங்கிட்டயே குடுத்திருங்க, நான் செஞ்சத நானே அனுபவிக்கேன்."

"அப்படிச் சொல்லு" என்றார், உடனே முகம் மலர்ந்து. "பொம்பள வளத்தா நாயும் பூனையாயிரும்னு நான் அன்னைக்கே நெனச்சேன்." அவரே சங்கிலியை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். கூட ஒரு சீப்பு வாழைப்பழமும் கொடுத்தார். வாங்கிக்கொண்டு கும்பிட்டேன். உடம்பெல்லாம் கூசியது.

பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த பஸ்காரரும் அதையேதான் சொன்னார். சரியென்று ஊருக்குப் போகிற ரோட்டில் பத்தமடைப் பக்கமாக நடந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. நாய் ரோட்டின் நடுவைப் பார்த்து இழுக்கும். நான் ஓரத்துக்கு இழுப்பேன். பின்னால் வண்டி வருவது அதற்குத் தெரியாது, எனக்கும் கை ஓய்ந்துவிட்டது. ஒரு வளைவில் அது திடீரென்று நடுரோட்டில் உட்கார்ந்துகொண்டது. செங்கல் லாரி ஒன்று ஹாரனை அலறவிட்டுக்கொண்டு வந்து, எங்களுக்கு நாலு முழம் தள்ளிக் கிரீச்சிட்டு நின்றது. நாய் கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினான். "ஏக்கா, காது செவிடா? எம்புட்டு நேரமா அடிக்கேன்!"

"எனக்கில்ல, இதுக்கு!" என்று நானும் கத்தினேன். "இதுக்குக் காது கேக்காது! பெறக்கும்போதே கேக்காது!"

அவன் நாயைப் பார்த்தான். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிவந்தான். என்னிடமிருந்து சங்கிலியை வாங்கி, நாயின் முன்னால் போய்க் குந்தி, அது தன்னைப் பார்க்கிறவரை பொறுத்திருந்து, பையப் பைய ஓரத்துக்கு நடத்திக்கொண்டு போனான்.

"அத மொதல்லயே சொல்லப்பிடாதாக்கா?" என்றான்.

நான் ரோட்டோரத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.