பத்தாம் நாள் வரைக்கும்

“மரகதம், இன்னிக்கி எத்தினி நாளு?”

வாசலில் நின்றபடியே கேட்கிறார் அமிர்தவள்ளி. “ஆறு முடிஞ்சி ஏழுக்கா” என்று உள்ளேயிருந்து பதில் வருகிறது.

“வாய நல்லாத் தொறந்து குடிக்கிதா?”

“குடிக்கிதுக்கா.”

“வாயால சொல்லாத. காட்டு.”

குனிந்து உள்ளே போகிறார். குழந்தை பால் குடிப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வெளியே வருகிறார். சற்று நேரத்தில் தோல் ஷாப்பின் சங்கு ஊதிவிடும். அதற்குள் இன்னும் இரண்டு வீடு பாக்கி. தெருவில் எந்தக் குழந்தை பிறந்தாலும் பத்தாம் நாள் வரைக்கும் இந்தப் பார்வை உண்டு. பார்த்து முடிக்கும் வரை காபித் தண்ணீர்கூட அவர் வாயில் படாது.

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே, பாலாற்றை ஒட்டிய ஊர் அது. தோல் பதனிட ஆவாரம்பட்டை கொட்டி வைக்கும் கிடங்குக்குப் பின்னால் ஒரு தெரு. பட்டைக் கிடங்குத் தெரு என்றே பெயர். எண்பது வீடுகள், அநேகமாக எல்லோருக்கும் தோல் ஷாப்பில்தான் வேலை. அமிர்தவள்ளி அங்கே தோல்களைக் காயப்போட்டு எடுக்கிறார். வயது நாற்பத்தைந்து இருக்கலாம். ஒல்லியான உடம்பு, கனத்த குரல். நடக்கும்போது கையை வீசுவதைப் பார்த்தால் எதையோ தள்ளிக்கொண்டு போகிறார் என்று தோன்றும். தெருக் குழந்தைகள் வைத்திருக்கும் பெயர் கொழும்பக்கா. அந்தப் பெயரில் அவருக்கு வருத்தமில்லை. “கொழும்பு போனதாலதான்பா எனக்குக் கண்ணு தொறந்திச்சி” என்கிறார்.

அவருடைய தங்கை கங்கம்மாளின் கணவர் கொழும்பில் செருப்புக் கடையில் வேலை பார்த்தார். நாற்பத்தேழாம் வருஷம், தங்கையின் ஆறாவது பிரசவத்துக்குத் துணையாக அமிர்தவள்ளி போனார். தனுஷ்கோடி வரை ரயில், அப்புறம் கப்பல், மறுபடி ரயில். அவர் அதுவரை வேலூரைத் தாண்டியதில்லை.

தங்கை வீடும் ஒற்றை அறைதான். அதே கூலி வேலை, அதே மீன் குழம்பு. ஆனால் ஐந்து பிள்ளைகள் ஓடிவந்து பெரியம்மாவின் காலைக் கட்டிக்கொண்டன. பிறந்த ஐந்தும் உயிரோடு இருந்தன. அமிர்தவள்ளி பெற்றதும் ஐந்து, இருந்தது இரண்டு. போன மூன்றும் பிறந்த ஏழாம் நாள், எட்டாம் நாள் போனவை. நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தைக்குத் திடீரென்று வாய் பூட்டிக்கொள்ளும். உடம்பு வில்லாக வளையும். ஏழாம் நாள் ஜன்னி என்பார்கள். காற்று சேஷ்டை என்பார்கள். தாயத்து கட்டுவார்கள். இரண்டு நாளில் எல்லாம் முடிந்துவிடும்.

கொழும்பில் வலி கண்டதும் தங்கை யாரையும் அலறிக் கூப்பிடவில்லை. மூத்த மகளை அனுப்பினாள். வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண் பையோடு வந்தார். அங்கே மருத்துவமாது என்கிறார்கள். சம்பளம் சர்க்கார் கொடுக்கிறது. வந்தவர் முதலில் அடுப்பைக் கேட்டார்.

“நானு இன்னாவோ கஷாயம் வெக்கப் போறாங்கன்னு பாத்தேன். கத்திரிக்கோலயும் நூலயும் தண்ணில போட்டுக் கொதிக்க வெக்கறாங்க. எதுக்குன்னு கேட்டேன். தொப்புள்கொடிய அழுக்குக் கத்தியால அறுத்தா ஏழாம் நாளு கொழந்த வாய் பூட்டிக்கும்னு சொன்னாங்க. அத எந்தங்கச்சி தமிழ்ல எனக்குச் சொன்னா.” இந்த இடத்தில் அமிர்தவள்ளியின் குரல் தாழ்கிறது. “அவ்ளோதாங்க. ஒரு சொம்புத் தண்ணி, நாலு வெறகு. அதுக்காடா மூணு புள்ளய வாரிக் குடுத்தேன்னு அந்த அடுப்பண்டையே குந்தி அழுதேன். புள்ள பெத்தவ என்னத் தேத்தறா!”

மருத்துவமாது போகும்போது அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்தார். தாயும் சேயும் எப்படி இருக்க வேண்டும் என்று தமிழில் போட்டிருந்தது. தங்கையின் பத்து வயது மகள் அதைச் சுவரில் ஒட்டி, தினமும் தாய்க்குப் படித்துக் காட்டினாள். அந்தப் பெண் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அதற்குச் சம்பளம் கட்ட வேண்டியதில்லை.

ஊர் திரும்பிய மறுவாரம் அமிர்தவள்ளி பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனார். அங்கே மேனேஜர் பக்தவச்சலம்.

“அது வேற நாடும்மா. அங்க ஆயிரம் வசதி ஜாஸ்தி. நம்மளோட சேத்துப் பேசக் கூடாது.”

“நாடு வேறதான் சார். நானும் எந்தங்கச்சியும் ஒரே வவுத்துல பொறந்தவங்க. அவ பெத்த ஆறும் இருக்கு. எனக்கு அஞ்சுல ரெண்டு. அது எப்பிடின்னு சொல்லுங்க, நான் போய்ட்றேன்.”

பக்தவச்சலம் நாற்காலியைக் காட்டினார். கெட்ட மனிதர் அல்ல; உள்ளதைச் சொன்னார். “மருத்துவச்சி வேல ஒண்ணு மூணு வருஷமா காலியா கெடக்கும்மா. வர்றவங்க ஒரு வாரம்கூட நிக்கறதில்ல. உங்க தெரு நாத்தத்துக்கு யாரு வந்து தங்குவாங்க? வீடுதான் யாரு குடுப்பாங்க?”

“வீடு நான் குடுக்கறேன்.”

அவர் வீட்டில் அறைகளே இரண்டு. முன்னறையைக் காலி செய்து வெள்ளையடித்தார். கணவர் காசியின் படுக்கை தெருவுக்கு வந்தது. “மழ வந்தா?” என்று காசி கேட்டாராம். “நனையுங்க” என்றாராம் இவர். இதைச் சொல்லிவிட்டுக் காசியே சிரிக்கிறார்.

மருத்துவச்சி வேலைக்கு வந்தவர் பில்கிஸ். வேலூரில் பயிற்சி முடித்தவர், கணவரை இழந்தவர். ரயிலடியிலிருந்து புர்காவோடு நடந்துவந்து, தோல் நாற்றத்தில் ஒரு நிமிஷம் நின்று, “அடுப்பு எங்கக்கா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே அமிர்தவள்ளிக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

ஆனால் தெரு பில்கிஸைக் கூப்பிடவில்லை. இரண்டு மாதத்தில் மூன்று பிரசவம் நடந்தது. மூன்றும் பழைய வழியில். அதில் ஒரு குழந்தை ஏழாம் நாள் போயிற்று. நான்காவதாகத் தனபாக்கியத்துக்கு வலி கண்டது. ஏற்கெனவே இரண்டைப் பறிகொடுத்தவள். அமிர்தவள்ளி பில்கிஸைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். மாமியார் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

“எங்க வழக்கம் எங்களுக்குத் தெரியும். ஊட்டுக்கு ஊடு வந்து பேஜார் பண்ணாத.”

கூட்டம் கூடிவிட்டது. அப்போது அமிர்தவள்ளி, கணவரிடம்கூட அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

“எம் மூணாவது கொழந்தைக்குக் கொடி அறுக்க யாரும் ஆப்புடல. தோல் அறுக்கற கத்தி மூலைல கெடந்திச்சி. அத எடுத்து நானே அறுத்தேன். இந்தக் கையாலதான். எட்டாம் நாளு போய்ட்டான். சாமி எடுத்துக்கிச்சின்னு பத்து வருஷமா சொல்லிக்கினு இருந்தேன். சாமி இல்ல, நான். தெரியாம செஞ்சேன். நீ இன்னிக்கித் தெரிஞ்சி செய்யப் போறியா?”

மாமியார் வாசலை விட்டு விலகினாள். பிறகு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

ஆண் குழந்தை. பத்து நாளும் காலையில் அமிர்தவள்ளி போய் வாசலில் நின்றார். பத்தாம் நாள் குழந்தை வாயைப் பிளந்து அழுததைக் கேட்க எதிர்வீட்டு ஆட்கள்கூட வந்தார்களாம். இப்போது அவனுக்குப் பத்து வயது, தெருவைக் கலக்கிக்கொண்டிருக்கிறான்.

அடுத்து அவர் பள்ளிக்கூடத்தைப் பிடித்தார். பில்கிஸ் கொடுக்கும் மருந்துச் சீட்டைப் படிக்கத் தெருவில் ஒரு பெண்பிள்ளை இல்லை. “கொழும்புல பத்து வயசுப் பொண்ணு படிக்கிது. நம்ம பொண்ணுக்குக் கண்ணு இல்லியா?” என்று வீடு வீடாகக் கேட்டார். இன்று முப்பத்தெட்டுப் பெண்கள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அவருடைய மகள் பங்கஜம் வேலூரில் நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருஷம்.

சென்ற மாதம் வேலூரில் சுகாதாரக் கண்காட்சி நடந்தது. மகளைப் பார்க்க வந்த அமிர்தவள்ளி, இதை எழுதும் என்னோடு அதற்கு வந்தார். ஒரு பந்தலில் பெரிய கறுப்புப் பலகை. முதல் வயது முடியும் முன்னே எந்த நாட்டில் எத்தனை குழந்தைகள் இறக்கின்றன என்று, நாட்டுக்கு ஒரு கோடாகச் சாக்கட்டியால் வரைந்திருந்தார்கள். ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். சுவீடன் நாட்டின் கோடு விரல் நீளம். இலங்கைக்கு ஒரு சாண் இருக்கும். நம்முடைய கோடு பலகையின் பாதிக்குமேல் ஓடியது.

நெடுநேரம் பார்த்தார். “எங்க தெரு எங்க இருக்கு?” என்றார்.

“தெருவெல்லாம் போடமாட்டார்கள் அம்மா. நாடுகள் மட்டும்தான்.”

“நாலு வருஷத்துல அறுபத்தொண்ணு பொறந்திருக்கு எங்க தெருவுல.”

“இறந்தது?”

“ஒண்ணு. முனியம்மா பொண்ணு. ஒம்பதாவது மாசம், பேதி.”

அக்கம்பக்கம் பார்த்தார். காவலுக்கு நின்றவர் வேறு பக்கம் திரும்பியிருந்தார். இடுப்புச் சுருக்குப்பையைத் திறந்து, வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பை ஆள்காட்டி விரலில் தொட்டுக்கொண்டார். பலகையின் அடியில், சுவீடனுக்குச் சரியாக, அதே நீளத்துக்கு வெள்ளையாய் ஒரு கோடு இழுத்தார். ஒரு அடி பின்னால் நகர்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தார். முகம் மலர்ந்திருந்தது. பிறகு “முனியம்மா பொண்ணு” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு மறுபடி கிட்டே போய், அந்தக் கோட்டின் முனையில் விரலை வைத்து, ஒரு நகக்கண் அளவு நீட்டினார்.