போயா நாளில் பார்த்த வீடு

கண்டியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் ஞானேஸ்வரி பல வருடங்களாக வேலை செய்கிறாள். முகத்துக்கு ஏற்ற கண்ணாடி பிரேம் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. யாரையும் அவசரப்படுத்த மாட்டாள். நாலைந்தைப் போட்டுக் காட்டி, "வெளிச்சத்துல நின்னு ஒருக்கா பாத்துட்டு வாங்க" என்று வாசலுக்கு அனுப்புவாள். இவ்வளவு பொறுமையான பெண், தன் வாழ்நாளில் வாங்கிய ஒரே வீட்டை ஒரு மணி நேரம்கூட முழுதாகப் பார்க்காமல் வாங்கினாள் என்றால் நம்புவது கஷ்டம்.

அவள் பிறந்தது ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அவர்கள் குடியிருந்த லயத்துக் காம்பரா, அந்த வரிசை வீட்டின் ஒற்றை அறை, தோட்டத்துக்குச் சொந்தமானது. வேலை செய்கிறவரைக்கும் இருக்கலாம், அவ்வளவுதான். அவள் குடும்பத்தில் எவரும் வீடு விற்றதுமில்லை, வாங்கியதுமில்லை. கலியாணத்தைப் பற்றி, பிரசவத்தைப் பற்றி, வேலைக்குப் போவதைப் பற்றி அவளுக்குப் புத்தி சொல்ல ஊரே இருந்தது. வீடு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

கணவன் அழகையா நாவலப்பிட்டியைச் சேர்ந்தவன். கண்டியில் ஒரு பேக்கரியில் பாண் போடுகிற வேலை. பேக்கரிக்காரனுக்கு இரவுதான் பகல். காலையில் வந்து குளித்து, சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் பின்னேரம்தான் எழும்புவான். கலியாணமான புதிதிலிருந்து கண்டி நகரத்துக்குள்ளேயே மூன்று வாடகை வீடுகள் மாறியிருந்தார்கள். மூன்றாவது வீட்டுக்காரர், மகன் வெளிநாட்டிலிருந்து வருகிறான், வீடு தேவைப்படுகிறது என்று சொன்னபோது ஞானேஸ்வரி, "இனி வாடகைக்குப் போறதில்ல" என்று சொல்லிவிட்டாள். கடையிலிருந்து வீட்டுக் கடனுக்குக் கடிதம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். மகள் அப்போது முதலாம் வகுப்பு.

அது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. கண்டியைச் சுற்றி எல்லோரும் ஒரே நேரத்தில் வீடு தேடுவதுபோல இருந்தது. பேராதனைப் பக்கம் ஒரு வீடு அமைந்தது. வீட்டு உறுதிப் பத்திரத்தை ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன் என்று ஒரு கிழமை தவணை கேட்டாள். கிழமை முடிவதற்குள் வீடு கைமாறிவிட்டது. அடுத்தது கம்பளைக்குப் போகிற வழியில். அழகையாவின் அண்ணன் வந்து பார்க்கட்டும் என்று காத்திருந்தார்கள். அண்ணன் வந்து இறங்கிய அன்று அந்த வீட்டுக்காரர், "நேத்துத்தான் முடிச்சம்" என்றார்.

இரண்டு தடவையும் அவர்கள் செய்தது சரியான காரியம். ஆனால் இரண்டு தடவையும் வீடு போனது. அதனால் ஞானேஸ்வரி ஒரு பாடம் படித்தாள்: யோசிக்கிறவனுக்கு வீடு கிடைக்காது. அந்தப் பாடம்தான் பிழை என்று பிறகு, கண்ணாடி வாங்கப் போய்ப் பழகிய என்னிடம் அவள் சொன்னாள்.

மூன்றாவது வீட்டை முத்துலிங்கம் என்ற தரகர் கொண்டுவந்தார். கெலிஓயாவில், பஸ் வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே. எப்போது வந்து பார்க்கலாம் என்று அவர் கேட்டதற்கு, "போயா அன்னிக்கு வர்றோம் அண்ணே. அன்னிக்குத்தான் ரெண்டு பேருக்கும் லீவு" என்று நாளைக் குறித்தது அவள்தான். அதில் தரகரின் தந்திரம் எதுவும் இல்லை.

பௌர்ணமி விடுமுறையான அந்தப் போயா நாளில் கெலிஓயா தூங்கிக்கொண்டிருந்தது. கடைகள் பாதிக்கு மேல் சாத்தியிருந்தன. வீடு சின்னது, இரண்டு அறை, ஒரு களஞ்சிய அறை, சிவப்புச் சாயம் போட்டு மினுக்கிய சீமெந்துத் தரை, பின்னால் ஒரு பலா மரம். ஞானேஸ்வரி குழாயைத் திறந்து பார்த்தாள். கூரையில் ஒழுக்கு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தாள். அலுமாரி வைக்கிற இடத்தைச் சாணால் அளந்தாள். பலா மரத்துக்குக் கீழே சரிவில் ஒரு தகரக் கூரை தெரிந்தது. அந்தப் பக்கமிருந்து புதிதாக அறுத்த மரத்தின் வாசம் வந்தது. அந்த வாசம் அவளுக்குப் பிடித்திருந்தது. ஏதோ களஞ்சியம் என்று நினைத்துக்கொண்டாள்.

"அக்கம்பக்கம் எப்பிடி அண்ணே?"

"நல்ல சனங்க தங்கச்சி. ஒரு கரச்சலும் இல்ல" என்றார் முத்துலிங்கம். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னொரு பார்ட்டியும் இதைக் கேட்டுக்கிட்டு இருக்கு. நாளைக்கே அட்வான்ஸ் கட்டுறேன்னு நிக்குது" என்றார்.

அழகையா முற்றத்தைச் சுற்றி வந்து, "இன்னொரு தடவ வந்து பாப்போமே" என்றான்.

"நாம வந்து பாக்கிறதுக்குள்ள இதுவும் போயிரும்."

அன்று பின்னேரம் தரகர் தொலைபேசியில் அழைத்தார். மற்றவர் விலையைக் கூட்டிவிட்டார். ஞானேஸ்வரியும் கூட்டினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி அழைப்பு. அவள் மறுபடி கூட்டினாள். தாங்கள் எடுக்கக்கூடிய கடன் எவ்வளவு என்று பேசி வைத்திருந்த எல்லையை அந்த ஒரு பின்னேரத்தில் தாண்டிவிட்டாள். மூன்றாவது அழைப்பில், "அந்தப் பார்ட்டி விலகிட்டாங்க தங்கச்சி, வீடு உங்களுக்குத்தான்" என்று முத்துலிங்கம் சொன்னபோது, அவளுக்கு ஏதோ போட்டியில் கெலித்ததுபோல இருந்தது. உறுதி எழுதி முடிகிறவரைக்கும் அந்த வீட்டுப் பக்கம் அவர்கள் திரும்பிப் போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சினார்கள். திங்கட்கிழமை காலை அழகையா வேலை முடிந்து புது வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, படுத்தான். எட்டு மணிக்குச் சரிவுக்குக் கீழே, அந்தத் தகரக் கூரைக்குள் இருந்த மரக்காலையில் மரம் அறுக்கும் பெரிய வாள் ஓடத் தொடங்கியது.

அன்று ஞானேஸ்வரி கடைக்குப் போய்விட்டாள். பின்னேரம் வந்தபோது அவன் கதிரையில் உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது.

"என்ன, தூங்கலயா?"

"கீழ மர மில் இருக்கு ஞானம்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமையும் போயா நாளும் தவிர, மற்ற எல்லா நாளும் அந்த வாள் ஓடியது. பெரிய மரத்துக்குள் இறங்கும்போது அதன் சத்தம் ஏறி ஏறிப் போய், அறுத்து முடிந்ததும் ஒரு கணம் நிற்கும். அந்த நிறுத்தம்தான் மோசம் என்பான் அழகையா. கண் சொருகும் நேரத்தில் அடுத்த மரம் ஏறிவிடும். காதில் பஞ்சை வைத்துப் பார்த்தான். தலையணையைத் தலைக்கு மேல் போட்டுப் பார்த்தான். ஒரு நாள் காலை வேலை முடிந்து வருகிற பஸ்ஸில் தூங்கி, கெலிஓயாவில் இறங்காமல் கம்பளை வரைக்கும் போய்விட்டான். அந்த மாதமே ஒரு தட்டுப் பாணைக் கருகவிட்டு, முதலாளியிடம் பேச்சு வாங்கினான். பதினைந்து வருடத்தில் அவன் அப்படிப் பேச்சு வாங்கியதில்லை.

அவன் அவளைக் குறை சொல்லியிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும். திருப்பிச் சண்டை போட்டிருப்பாள். அவன் சொல்லவேயில்லை. காலையில் அவன் முகத்தைப் பார்க்கப் பயந்து, அவன் வருவதற்கு முன்பே மகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறிய நாட்களும் உண்டு.

தரகரைக் கேட்டாள். "ஒரு கரச்சலும் இல்லன்னு சொன்னீங்களே அண்ணே?"

"மில்லைச் சொல்றீங்களா?" முத்துலிங்கத்துக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "அது ஊருக்கே தெரியுமே தங்கச்சி. பகல்ல வீட்டுல ஆள் தூங்கும்னு நீங்க என்கிட்ட சொல்லலயே."

அவள் சொல்லவில்லைதான். கூரையைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள். தன் வீட்டு மனுஷன் எப்போது தூங்குகிறான் என்பதை வைத்து அந்த வீட்டைப் பார்க்கவில்லை.

ஒரு நாள் லீவு போட்டுவிட்டு மரக்காலைக்கே போனாள். சண்டை பிடிக்கிற எண்ணத்தோடுதான் போனாள். முதலாளி ஹபீல் ஹாஜியார் மெலிந்த மனிதர், சேர்ட்டெல்லாம் மரத்தூள். வாளை நிறுத்தச் சொல்லிவிட்டு, அவளை உட்காரவைத்து, தேத்தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"நான் ஒன்னு சொன்னா கோவிக்க வாணாம் தங்கச்சி" என்றார். "அந்த ஊட்டுக்குப் போட்டியா நின்ன ஆள் நான்தான்."

ஞானேஸ்வரி கையிலெடுத்த தேத்தண்ணீரைக் கீழே வைத்தாள்.

"அங்க யாரு குடி வந்தாலும் அவங்களுக்கும் கரச்சல், எனக்கும் கரச்சல். முந்தி இருந்தவங்க ரெண்டு தரம் பிரதேச சபைக்கு எழுதினாங்க. அதால எடுத்து மரம் அடுக்குவோம்னு நெனச்சேன். நீங்க வெலயக் கூட்டிக்கிட்டே போனீங்க. அந்த வெலைக்கு அந்த ஊடு பெறாது. நான் விட்டுட்டேன்."

அந்த வீட்டைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒரே மனிதரை, ஒன்றும் தெரியாமல் வென்றிருக்கிறாள் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் யார், ஏன் கேட்கிறார், ஏன் விலகினார் என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். மற்றவனும் கேட்கிறான் என்றால் நல்ல வீடாகத்தான் இருக்கும் என்று அவள் முடிவு செய்துகொண்டாள்.

"இப்பவும் குடுக்க விருப்பம்னா, நான் கடைசியா சொன்ன வெலைக்கு எடுக்கிறேன்" என்றார் ஹாஜியார். "ஊட்டுக்காரரோட பேசிப்போட்டுச் சொல்லுங்க. அவசரமில்ல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வாள் ஓடாத பகலில், இருவரும் பலா மரத்தடியில் உட்கார்ந்து பேசினார்கள். ஞானேஸ்வரி கொடுத்துவிடலாம் என்றாள். நட்டம்தான். வீடு போன பிறகும் கடனில் ஒரு பகுதி நிற்கும். ஆனாலும் அவன் தூங்க வேண்டும்.

அழகையா வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "போன மாசம் அண்ணன் குடும்பம் வந்து நாலு நாள் இருந்துட்டுப் போச்சு. எத்தன நாள் இருப்பாங்க, எவ்வளவு தண்ணி செலவாகும்னு வாடக வீட்டுல மாதிரி ஒருத்தரும் கேக்கல. கவனிச்சியா?"

"ம்."

"இன்னொரு வாடக வீட்டுக்குப் போக என்னால ஏலாது ஞானம். சத்தத்துக்கு ஏதாவது செஞ்சு பாப்போம்."

"என்மேல கோவம் இல்லயா?"

"இருந்திச்சு" என்றான். "முதல் ரெண்டு கிழமையும் நல்லாவே இருந்திச்சு. ஆனா அன்னிக்கு நானும்தான் கூட வந்தேன். இன்னொரு தடவ பாப்போம்னு சொல்லிட்டு நீ சொன்னதும் பேசாம இருந்தேன். எனக்கும் வீடு போயிரும்னு பயம்."

அவன் அப்படிச் சொன்ன பிறகுதான் அவளால் அழ முடிந்தது.

அவள் மறுபடி ஹாஜியாரிடம் போனாள். வீட்டைக் கொடுக்கவில்லை என்று சொல்லி, அதற்குப் பதிலாக ஒன்று கேட்டாள்: பெரிய வாளைக் காலையில் ஓட்டாமல் பிந்தி ஓட்ட முடியுமா? ஹாஜியார் உடனே தலையாட்டவில்லை. காலையில் லொறி வரும், ஆட்களுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று தன் கஷ்டத்தைச் சொன்னார். கடைசியில், காலையில் மரம் இறக்குவதையும் அடுக்குவதையும் வைத்துக்கொண்டு, பெரிய வாளைப் பதினொரு மணிக்குப் பிறகு போடுவதாக ஒத்துக்கொண்டார். "எல்லா நாளும் ஏலாது. அவசர ஓடர் வந்தா மன்னிச்சுக்கங்க."

அழகையா தன் படுக்கையைக் களஞ்சிய அறைக்கு மாற்றினான். அது மேட்டுப் பக்கம் இருந்தது. சரிவுப் பக்கச் சத்தம் வருகிற சின்ன ஜன்னலைக் கல் வைத்து அடைத்தான். அந்த அறையில் காற்று வராது; வெயில் காலத்தில் புழுங்கும். ஆனாலும் காலையில் மூன்று மணி நேரம் ஒரே தூக்கம் கிடைத்தது. மில் மூடிய பிறகு வேலைக்குப் போகும்வரை இன்னும் கொஞ்சம். அப்படியே ஆறு வருடம் ஓட்டினான். பிறகு பேக்கரியில் கேக் பகுதிக்கு மாறிப் பகல் வேலைக்குப் போனான். அதற்குள் வாள் சத்தம் மகளுக்குக் கேட்காமலே போயிருந்தது. அவள் அதற்குள்ளேயே உட்கார்ந்து பாடம் படித்து, சோதனை எடுத்து, பாஸ் பண்ணினாள்.

வீடு வாங்குகிறவர்கள் ஞானேஸ்வரியிடம் யோசனை கேட்பதுண்டு. வேலை நாளில் ஒரு தடவை, மழையில் ஒரு தடவை போய்ப் பாருங்கள் என்பாள். பக்கத்துக் கடைக்காரரிடம் ஒரு சோடா வாங்கிக் குடித்துப் பேச்சுக் கொடுங்கள் என்பாள். இதெல்லாம் நல்ல புத்திதான். ஆனால் அதை அவள் உறுதியாகச் சொல்லுவதில்லை. அதற்குக் காரணம் றமீஸா.

றமீஸா கடையில் காசாளர். அக்குறணைப் பக்கம் ஒரு வீடு பார்த்துவிட்டு, "நாளைக்கே முடிவு கேக்கிறாங்க ஞானேஸ் அக்கா" என்று வந்து நின்றாள். ஒரு மழை நாள் பார்த்துவிட்டு முடிவெடு என்று ஞானேஸ்வரி சொன்னாள். மழை வருவதற்குள் வீடு போய்விட்டது. வாங்கியவர்கள் அங்கே நன்றாகவே இருக்கிறார்கள். ஒரு குறையும் இல்லாத வீடு. றமீஸா மாதக்கணக்கில் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

"அவள்ல பிழையில்ல" என்றாள் ஞானேஸ்வரி என்னிடம். "பொறுத்துப் பாத்து ரெண்டு வீடு போச்சு எனக்கு. அவசரப்பட்டு ஒரு வீடு மாட்டுச்சு. எது சரின்னு நான் எப்பிடிச் சொல்ல? எதுக்காக அவசரப்படுறோம்னு மட்டும் கொஞ்சம் யோசிக்கலாம். அன்னிக்கு நான் வீட்டுக்காக அவசரப்படல. அந்தப் பார்ட்டிக்கு விட்டுக்குடுக்கக் கூடாதுன்னுதான் அவசரப்பட்டேன்."

மறு வருடம் றமீஸா கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீடு வாங்கினாள். வாங்குவதற்கு முன் ஞானேஸ்வரியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குடிபுகுந்த பிறகுதான் சாப்பாட்டுக்கு அழைத்தாள். ஞானேஸ்வரி அழகையாவோடு போனாள். பின்பக்கச் சுவரில் ஓரிடத்தில் ஈரம் பூத்திருந்தது அவள் கண்ணில் பட்டது. றமீஸா கோப்பை நிறைய வட்டிலப்ப இனிப்போடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "ஊடு எப்பிடி அக்கா?" என்று கேட்டாள்.

"நல்ல வெளிச்சமா இருக்கு" என்றாள் ஞானேஸ்வரி. அது உண்மைதான். ஈரத்தைப் பற்றி அடுத்த மாதம் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டு, வட்டிலப்பத்தை வாங்கிச் சாப்பிட்டாள்.